அவர் 'பாதி முஸ்லிம்' அல்ல

நீளமான பதிவு. கோபம் வருபவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் முன்னாள் அதிபர் போன மாதம் காலமானார். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபராக இருந்து 2020இல் ஓய்வு பெற்றவர். கிழக்கில் இருந்து கல்வியியற் கல்லூரி முடித்து, முதல் நியமனத்தில் மலைக்குப் போன நாங்கள் ஐந்து பேர், இரண்டு ஆண்களும் மூன்று பெண்களும், அவருக்குக் கீழேதான் வேலை பழகினோம். 2015இல் போனோம், 2021இல் இடமாற்றம் கிடைத்து ஊர் திரும்பினோம். அவரைப் பற்றி நாலு வரி எழுதி, ஒரு படமும் சேர்த்து ஊர்க் குழுக்களில் போட்டோம்.

வந்த பதில்கள் மூன்று வகை. முதலாவது, "அல்லாஹ், எவ்வளவு நல்ல மனிசன், பாதி முஸ்லிம் மாதிரி இருந்திருக்கார்." இரண்டாவது, "நல்லவர்தான், ஆனா ஹிதாயத் கிடைக்காமப் போயிட்டாரே, கைசேதம்." மூன்றாவது, "தமிழன் ஒருத்தனுக்கு இவ்வளவு எழுதணுமா? அவங்க நமக்குச் செஞ்சதெல்லாம் மறந்து போச்சா?"

மூன்றாவது வகைக்குப் பதில் சொல்வது லேசு. பாராட்டுப் போல வந்த முதலாவதுதான் எங்களை அதிகம் சுட்டது. ஆகவே அதில் இருந்தே தொடங்குகிறோம்.

'பாதி முஸ்லிம்' என்கிறீர்களே, அவர் எதில் பாதி? காலையில் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வருவார். அறைக்குள் நுழைந்ததும் மேசைக்குப் பின்னால் இருக்கும் சரஸ்வதி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தால் விரதம் பிடித்து வெறுங்காலோடு நடப்பார். எங்கள் ஆசிரியர் விடுதியில் மாட்டிறைச்சி சமைக்க வேண்டாம் என்று முதல் கிழமையே முகத்துக்கு நேரே சொன்னார். "இது பள்ளிக்கூட வளவு, பக்கத்துல கோயில் இருக்கு. வெளியில சாப்பிடுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றார். ஆறு வருடமும் நாங்கள் அந்த வளவுக்குள் சமைக்கவில்லை. அதில் எங்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

நோன்பு காலத்தில் எங்கள் முன்னாலேயே தேத்தண்ணி குடிப்பார். முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானில் விடுமுறை. தமிழ்ப் பாடசாலைகளின் தவணை வேறு. ஆகவே நோன்பு பிடித்துக்கொண்டு படிப்பிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் எங்களைக் கண்டால் கோப்பையை மறைப்பார்கள். இவர் மறைக்கமாட்டார். "நோன்பு உங்களுக்கு. நான் ஒளிச்சுக் குடிச்சா உங்க நோன்பு கூடிருமா?" என்று ஒரு தடவை கேட்டார். ஆனால் அந்த மாதம் முழுவதும் எங்களுக்கு மைதானக் கடமை போடமாட்டார். பின்னேர வகுப்புகளைக் காலைக்கு மாற்றித் தருவார். கேட்டு வாங்கியது கிடையாது. பிறை எப்போது என்று கலண்டரைப் பார்த்து அவரே நேரசூசியைத் திருத்தி வைத்திருப்பார்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பாதி முஸ்லிம் ஆக்குவது அவரிடம் இருந்து அவருடைய சொந்த நல்ல குணத்தைப் பறிப்பது. நல்லது எங்கே இருந்தாலும் அது நம்முடைய சொத்து, தவறுதலாக அங்கே போய்விட்டது என்று சொல்வது. அவர் நேர்மையை மாரியம்மன் கோயிலிலும் தன் அம்மாவிடமும் தான் படித்த லயத்துப் பள்ளிக்கூடத்திலும் கற்றவர். நம்மிடம் இரவல் வாங்கவில்லை.

இதே பாராட்டு நமக்கு வந்தபோது எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எத்தனை பேர் நம்மைப் பார்த்து, "நீங்க மத்த முஸ்லிம்கள் மாதிரி இல்லை, நீங்க நல்லவங்க" என்றார்கள்? வங்கியில் சொன்னார்கள், பஸ்ஸில் சொன்னார்கள், பக்கத்து மேசையில் இருந்து சொன்னார்கள். சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். நமக்கு உடம்பு கூசியது. நம்முடைய வாப்பாவையும் உம்மாவையும் ஊரையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டு நம்மை மட்டும் பிரித்து எடுத்து மெச்சினால் அது மெச்சுதலா? அன்று நம்மைக் கூச வைத்த சொல்லை இன்று ஒரு மையித்தின் மேல் போடுகிறோம்.

அந்த 2019 மே மாதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குண்டுவெடிப்புக்குப் பிறகு பாடசாலைகள் திரும்பத் திறந்தபோது வாசலில் பைகளைச் சோதிக்கும் ஏற்பாடு நாடு முழுக்க வந்தது நினைவிருக்கும். அதே நாட்களில்தான் நோன்பும் தொடங்கியது. எங்கள் பாடசாலையிலும் பெற்றோர் சிலர் வாசலில் நின்றார்கள். அவர்களின் கண்கள் எங்கள் மூன்று ஆசிரியைகளின் அபாயா மேல்தான் இருந்தன. அதிபர் முதலில் வந்தார். தன் பையைத் தானே திறந்து மேசையில் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, பிரஷர் மாத்திரை, விபூதிப் பொட்டலம், ஒரு பழைய குடை. பிறகு வரவுப் பதிவேட்டைக் கையில் எடுத்து, அதில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிரதி அதிபர், பிறகு கணித ஆசிரியர், பிறகு நாங்கள், எங்களுக்குப் பின்னால் மற்றவர்கள். யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை, யாருக்கும் ஒரு நிமிடம் கூடவோ குறையவோ போகவில்லை. அவர் பேச்சு எதுவும் பேசவில்லை. இன ஒற்றுமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதிவேட்டு வரிசை, அவ்வளவுதான். அந்த மாதத்தில் இந்த நாட்டில் எங்களை எல்லோரையும் போல நடத்திய ஒரே வாசல் அதுதான் என்று எங்களில் ஒருவர் இன்றும் சொல்வார்.

அதற்கு முந்திய வருடம், 2018இல், திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயாவுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. அந்தச் சூடு மலைக்கும் ஏறியது. சில பெற்றோர் அதிபரிடம் வந்து, இங்கேயும் சாரிதான் உடுக்க வேண்டும் என்றார்கள். "எழுத்துல குடுங்க. என் பதிலையும் சேர்த்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புறேன். என் பதில், இவங்க வந்ததுக்கு அப்புறம் அஞ்சாம் தரத்துப் பிள்ளைங்க எப்படி வாசிக்கிறாங்கங்கிறதுதான்" என்று சொன்னார். எழுத்தில் யாரும் கொடுக்கவில்லை. விடயம் அதோடு முடிந்தது.

இதையெல்லாம் கேட்டதும் "தங்கமான மனிசன்" என்பீர்கள். சலுகை தருகிறவர் என்று நினைத்தால் அதுவும் பிழை. காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். மழை, மண்சரிவு, பஸ் வரவில்லை என்று எந்தக் காரணமும் அந்தக் கோட்டை அசைக்காது. வியாழன் மத்தியானமே புறப்பட்டால் இரவுக்குள் ஊர் போய்ச் சேரலாம், வெள்ளி ஜும்ஆவை ஊரிலேயே தொழலாம் என்று நாங்கள் கேட்டோம். "ஜும்ஆவுக்குப் போறதுக்கு அரசாங்கத்துலயே ஏற்பாடு இருக்கு, அதை யாரும் தடுக்க ஏலாது. டவுன் பள்ளிக்குப் போயிட்டு வாங்க. வியாழக்கிழமை வீட்டுக்குப் போறதுக்கு அரசாங்கத்துல ஏற்பாடு இல்லை" என்றார். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் எங்கள் வகுப்புகளைத் தானே எடுத்தார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

உரிமை எது, சலுகை எது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். உரிமையைக் கேட்காமலே தந்தார். சலுகையைக் கெஞ்சினாலும் தரவில்லை. நம்மவர் பலருக்கு இது தலைகீழாக இருக்கிறது. வேண்டப்பட்டவனுக்கு வியாழன் மத்தியானம் கிடைக்கும். வேண்டாதவனுக்கு அவனுடைய சொந்த லீவும் கிடைக்காது.

அந்தத் தெளிவு அவருக்கு எங்கே இருந்து வந்தது? இங்கேதான் நம்மவருக்கு ஒரு வரலாறு தெரிய வேண்டும். 1948இல் சுதந்திரம் வந்த அதே வருடம் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டது, இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று. எங்கள் அதிபரின் பெரியப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. அவருடைய அப்பா ஏறவில்லை. லயத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று வேறு நாட்டுக்காரர் ஆகிவிட்டது. "உன் ஊர் இது இல்லை" என்ற சொல் என்ன செய்யும் என்று அவர் பிள்ளை வயதிலேயே பார்த்தவர். அதனால்தான் பதிவேட்டில் பெயர் இருப்பது அவருக்கு அவ்வளவு பெரிய விடயம். பெயர் இருந்தால் வரிசை உண்டு. வரிசை இருந்தால் யாரையும் வெளியே நிறுத்த முடியாது.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறோம். "ஹிதாயத் கிடைக்காமப் போயிட்டாரே."

மறுமையின் கணக்கு அல்லாஹ்விடம். அந்தப் புத்தகத்தை நம் கையில் யாரும் தரவில்லை. நம் கையில் இருப்பது நன்றிக் கணக்கு. அதை எப்படித் தீர்ப்பது என்று கற்றுக்கொள்ள நமக்கு மிகப் பெரிய முன்மாதிரி இருக்கிறது. தாயிபில் கல்லடி பட்டுத் திரும்பிய நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைய அபயம் கேட்டபோது கொடுத்தவர் முத்இம் இப்னு அதீ. பிள்ளைகளை ஆயுதத்தோடு நிறுத்திப் பாதுகாப்புக் கொடுத்தார். பனூ ஹாஷிம் குடும்பத்தின் மேல் குறைஷியர் போட்ட பகிஷ்கரிப்பை உடைத்தவர்களிலும் ஒருவர். அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை. ஏற்காமலே பத்ருக்கு முன்னர் இறந்துபோனார். பத்ரில் கைதிகள் பிடிபட்டபோது நபியவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். முத்இம் உயிரோடு இருந்து இவர்களுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் சொன்னது புகாரியில் பதிவாகி இருக்கிறது. கவிஞர் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரழி) முத்இமுக்கு இரங்கற்பா பாடியதை சீரா நூல்கள் சொல்கின்றன.

எதிரிகளின் பக்கத்தில் இருந்து இறந்துபோன ஒரு மனிதரின் நன்மையை, வெற்றி பெற்ற நாளில், தோழர்களுக்கு முன்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவரைப் பாதி முஸ்லிம் ஆக்கவில்லை. "நல்லவர்தான், ஆனா" என்று இழுக்கவும் இல்லை. ஹிஜ்ரத்தில் பாதை காட்டிக் கூட்டிப் போன அப்துல்லாஹ் இப்னு உரைகித்தும் அன்று முஸ்லிம் அல்ல. உயிரை நம்பி ஒப்படைத்த வழிகாட்டி அவர். இந்த வரலாற்றை மிம்பரில் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்கிற நாம், ஒரு தோட்டப் பாடசாலை அதிபருக்கு நாலு வரி எழுதினால் ஏன் பதறுகிறோம்?

மூன்றாவது வகை. 1990ஐ மறந்துவிட்டோமா என்று கேட்கிறீர்கள்.

மறக்கவில்லை. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிகளில் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டதை மறக்கவில்லை. ஒக்டோபரில் வடக்கில் இருந்து நம்மவர்கள் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டதையும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. எங்கள் ஐந்து பேரில் இருவரின் குடும்பங்களில் அந்த வருடத்து மையித்துகள் உண்டு. அதற்கும் நுவரெலியாவில் தேயிலைத் தூருக்குள் பிறந்து வளர்ந்த ஒரு வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம்? தமிழ் பேசினார், விபூதி பூசினார் என்பதுதான் சம்பந்தமா? அப்படியென்றால் சஹ்ரானுக்காக நம் பிள்ளைகளிடம் பதில் கேட்டவர்கள் மேல் நாம் ஏன் கோபப்பட்டோம்? அவர்களும் இதே கணக்கைத்தானே போட்டார்கள்! நமக்குச் செய்தால் அநியாயம், நாம் செய்தால் ஞாபகசக்தியா?

2020இல் கொவிட் ஜனாஸாக்களை எரித்த நாட்களில் அவர் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். ஐந்து பேருக்கும் தனித்தனியாகக் கோல் எடுத்தார். ஆறுதல் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. "எங்க சனத்துல எரிக்கிறது வழக்கம். உங்க சனத்தை எரிக்கிறது அநியாயம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எங்களோடு படித்த, எங்களை நன்கு தெரிந்த எத்தனையோ பேர் மௌனமாக இருந்த நேரம் அது.

இந்தப் பதிவு இத்தோடு முடிந்தால் ஓர் இரங்கலாகப் போய்விடும். லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்கிறோம்.

நம்முடைய முஸ்லிம் பாடசாலைகளில் நம்முடைய அதிபர்களுக்குக் கீழே தமிழ் ஆசிரியர்களும் சிங்கள ஆசிரியர்களும் வேலை செய்கிறார்கள். நாளைக்கு நம் அதிபர் ஒருவர் மௌத்தானால் அவர்களில் யாராவது இப்படி ஒரு பதிவு எழுதுவார்களா? எழுதுவதற்கு அவர்களுக்கு நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். பெயர்கள் தேவையில்லை, அந்தந்த இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பாடசாலையில் இந்து ஆசிரியையைத் தலையில் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். திருகோணமலையில் அபாயா எங்கள் உரிமை என்று எழுதிய அதே கைகள் அதற்கு ஒரு வரி எழுதவில்லை. இன்னோர் இடத்தில் கந்தசஷ்டி விரதத்தில் இருந்த ஆசிரியருக்கு முன்னால் பிரியாணி சஹனை வைத்து, ஒரு பிடி சாப்பிட்டால் என்ன என்று பகிடி பண்ணினார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் லீவு கேட்ட ஒருவரிடம், "உங்கட ஆக்களுக்கு எந்த நாளும் பெருநாள்தானே" என்றார்கள். பாடசாலையில் யாரும் கத்தியால் வெட்டவில்லை. ஒவ்வொன்றும் சின்ன விடயம். ஆனால் எங்கள் அதிபர் செய்ததும் சின்ன விடயங்கள்தான். நேரசூசியில் இரண்டு பாடவேளை, வாசலில் ஒரு பதிவேடு. ஒரு மனிதர் ஓர் இடத்தில் தலை நிமிர்ந்து வேலை செய்வதும், கூனிக் குறுகி வேலை செய்வதும் இந்தச் சின்ன விடயங்களில்தான் இருக்கிறது.

நமக்கு இது புதிய பாடமும் அல்ல. ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். இந்து ஆசிரியர்களிடம் படித்த அந்த முஸ்லிம் மாணவன் பிறகு 1948இல் இருந்து 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தார். அவருடைய ஸாஹிராவில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர் கரவெட்டியைச் சேர்ந்த கார்த்திகேசு சிவத்தம்பி. பிற்காலத்தில் பேராசிரியராகப் பேர் பெற்ற பிறகும் அஸீஸை நன்றியோடு நினைவுகூர்ந்தவர். அப்படி நினைவுகூர அஸீஸைப் 'பாதி இந்து' ஆக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஒரு முஸ்லிம் அதிபர் ஒரு தமிழ் ஆசிரியரின் மனதில் அப்படி இடம்பிடித்த நாடு இது. நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இந்த நாட்டில் பத்தாயிரத்துக்கு மேல் அரச பாடசாலைகள் உண்டு. சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஐந்து வயதில் பிரிந்த பிள்ளைகள் பலர் மற்றவரை முதன்முதலில் நெருங்கிப் பார்ப்பதே வேலைக்குப் போன பிறகுதான். அதுவும் மேலதிகாரியாகவோ கீழே வேலை செய்பவராகவோ. அந்த ஒரு சந்திப்பையும் நாம் பாழாக்கினால் பிறகு சந்திக்க இடமே இல்லை. அதனால்தான் ஓர் அதிபரின் நடத்தை அவருடைய தனிப்பட்ட குணம் என்று விட்டுவிடக்கூடிய விடயம் அல்ல.

அதிபர்மாரே, பிரதி அதிபர்மாரே, பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கும் நானாமாரே, உங்கள் பாடசாலையில் வேறு மதத்து ஆசிரியர் ஒருவராவது இருந்தால் நாளைக் காலையிலேயே நேரசூசியை எடுத்துப் பாருங்கள். அவருடைய விரத நாள் உங்களுக்குத் தெரியுமா? அவர் சைவமா என்று விருந்து வைக்கும் முன் கேட்டீர்களா? அவருடைய பொட்டையும் சேலையையும் பற்றி யாராவது முறைப்பாடு கொண்டு வந்தால், "எழுத்தில் தாருங்கள், என் பதிலையும் சேர்த்து அனுப்புகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு நெஞ்சுரம் இருக்கிறதா? அவரோடு சேர்ந்து பூசையில் நிற்கச் சொல்லவில்லை. உங்கள் தீனில் ஒரு நூலும் குறைய வேண்டியதில்லை. எங்கள் அதிபர் தன் விபூதியில் ஒரு துளியும் குறைக்காமல்தான் எங்களுக்கு நீதி செய்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய முப்பத்தோராம் நாள். நாங்கள் ஐந்து பேரும் மலைக்குப் போகிறோம். போகலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. பூசையில் கலந்துகொள்ள மாட்டோம், அந்த வீட்டார் அதை எதிர்பார்க்கவும் இல்லை. முற்றத்தில் கதிரையில் உட்கார்ந்து அவருடைய மனைவியோடும் பிள்ளைகளோடும் கதைத்துவிட்டு, தந்ததில் நமக்கு ஆகுமானதைச் சாப்பிட்டுவிட்டு வருவோம். அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த, தரம் 5 பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தகங்கள் இரண்டு பெட்டி கொண்டு போகிறோம். சேர்ந்து கொடுக்க விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். "பாதி முஸ்லிம்" என்று எழுதியவர்களும் வரலாம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும், அவர் பிறந்த தோட்டத்தின் பெயரையும் எழுதித் தருகிறோம்.